வால் மட்டும் பாக்கி

கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தீர்களா? பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். மீதிப் பேர் செய்யாமலே செய்தேன் என்று அடித்துச் சொல்வார்கள். பி.என். ரோட்டில் மாடியில் ரிப்பேர் கடை போட்ட நாளிலிருந்து இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் தங்கராஜ் அண்ணன் சொன்ன பதிலை அதுவரை யாரும் சொன்னதில்லை.

"ஆஃப் பண்ணக் கூடாதுங்க அம்மிணி. ஓடீட்டே இருக்கையிலதான் சரி பண்ணோணுமுங்க."

"ஏனுங்ணா, ஓடற பஸ்ஸுக்கு டயர் மாத்தச் சொல்றீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "படம் மட்டும் வரலீங்க. டப்பா ஓடுது, லைட் எரியுது, சத்தம் வருது. மானிட்டருதான் கருப்பா நிக்குது. சித்த வந்து பாத்துருங்க. மத்தத ஊட்டுல வெச்சுச் சொல்றேன்," என்றார்.

எனக்கு எரிச்சல். பொங்கல் லீவு முடிந்து கம்பெனிகள் திறந்த வாரம். பூட்டிக் கிடந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் படுத்துக்கொள்ளும் வாரம் அது. இந்தப் பனியன் ஊரில் கம்ப்யூட்டருக்கு எமன் வைரஸ் இல்லை, பஞ்சுதான். வேறு யாராக இருந்தாலும் தூக்கிக்கொண்டு கடைக்கு வாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்திருப்பேன். இவர் நித்யஸ்ரீயின் அப்பா என்பதால் ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய பாகங்களாகத் தேடிச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தவள் நான்தான். தங்கராஜ் அண்ணன் நிட்டிங் மெஷின் ஃபிட்டர், முத்தாத்தாள் அக்கா ஓவர்லாக் டெய்லர். அவர்களுடைய ஒரே பெண் பனியனுக்குப் படம் வரையும் டிசைன் வேலைக்குப் போகிறாள் என்பதில் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அவளோ சரியான வாயாடி. என் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "அக்கா, கலரு பளிச்சுன்னு தெரியோணும். செவப்ப நான் காவின்னு நெனச்சு அடிச்சுப்போட்டா என்னையத்தான் வெளுத்து வாங்குவாங்க" என்று நச்சரித்து, தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட வைத்தாள். திரையில் படத்தைக் காட்டுகிற வேலை அந்தக் கார்டுடையது. பழைய கார்டுதான், ஆனாலும் அவள் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே.

நெருப்பெரிச்சல் பகுதியில் அவர்கள் வீட்டை ஒட்டியே, பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடினால் இந்தப் பக்கம் அலமாரி டம்ளர் நடுங்கும். ஜன்னல் கம்பி, கொசுவலை, வாசலில் இருக்கும் துளசி எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பஞ்சு.

"எங்கீங்ணா உங்க வாயாடி? நித்யா! அக்கா வந்திருக்கேன், ஒரு காபி போடு பாக்கலாம்!" என்று செருப்பைக் கழற்றும்போதே கத்தினேன்.

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். டிவிக்கு மேலே அவள் படம் மாட்டியிருந்தது. அதற்கு மாலை போட்டிருந்தது, கீழே சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது. ஐடி கார்டு படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள் போலிருக்கிறது, முகம் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. நான் கத்திய கத்தல் இன்னும் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது. என் வாயை அங்கேயே தைத்துக்கொண்டால் தேவலை என்று தோன்றியது.

"உள்ள வாங்க அம்மிணி," என்றார் முத்தாத்தாள் அக்கா. "உங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கோணும். அப்ப யாருக்குச் சொன்னோம், யாருக்குச் சொல்லலைன்னே தெரியலீங்க."

என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார். துணி மடிப்பதுபோல் முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஐப்பசி மழையில காச்சலுங்க. வெடவெடன்னு நடுங்குனா. கம்பெனில குடுத்த ஃபிலீஸ் துணி இருந்துச்சு, குளிருக்கு ஆகுமேன்னு வெச்சிருந்தேன். அத மடிச்சுப் போத்தி உட்டேன். அவ வேண்டாமுன்னு தள்ளுவா, நான் மறுக்காப் போத்துவேன். வேர்த்துக் கொட்டி எறங்கட்டுமுன்னுதான். அப்புறம் ஒரு நாள் விடியால நெத்தியத் தொட்டுப் பாக்கறேன், சுடலீங்க. காச்சல் விட்டுருச்சுன்னு மாரியாத்தாளுக்கு மஞ்சத்துணி முடிஞ்சு வெச்சேன். அவளும் எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சுப்போட்டு, இதா, இந்தக் கம்ப்யூட்டருல உக்காந்து படம் போட்டா. மத்தியானத்துக்கு மேல வயித்த வலிக்குதுன்னா. கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு."

"டெங்குங்க," என்றார் அண்ணன். "காச்சல் விட்ட பொறவுதான் அதுல ஆபத்தேன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. நமக்கென்னங்க தெரியும்?"

"வண்டில ஏறையில சொன்னா," என்று அக்கா தொடர்ந்தார். "'அம்மா, கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிறாத, சேவ் பண்ணல, வால் மட்டும் பாக்கி, வந்து போட்டுக்கறேன்'னா. யானைங்க. கொழந்தைங்க சட்டைக்கு வரைஞ்சா. அதுக்குப் பொறவு அவ எங்கூடப் பேசவே இல்லீங்க."

அதனால் அவர்கள் ஆஃப் செய்யவில்லை. அன்றிலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் அண்ணன் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்து, இன்வெர்ட்டரில் உள்ளதை முழுக்க இதற்கே விட்டிருக்கிறார். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தும் நாட்களில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இன்வெர்ட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். அக்கா காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன் மானிட்டர் பட்டனைத் தட்டி, யானையைப் பார்த்துவிட்டு, மறுபடி அணைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் கீபோர்டைத் துடைக்கும்போது யானை ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டதாம். பயந்துபோய்க் கீபோர்டையும் மவுசையும் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டார். இந்தத் திங்கட்கிழமை காலையில் பட்டனைத் தட்டியபோது யானை வரவில்லை.

"நாங்க ஒண்ணுமே தொடலீங்க," என்றார் அக்கா. என்னிடம் அதைப் பல தடவை சொன்னார்.

நான் மேஜைப் பக்கம் போனேன். அங்கேதான் அதைப் பார்த்தேன்.

கம்ப்யூட்டர் டப்பாவுக்குச் சட்டை போட்டிருந்தது. ரோஸ் நிற ஃபிலீஸ் துணி, உள்பக்கம் பஞ்சு எழுப்பிய குளிர்காலத் துணி. பிள்ளைக்கு அளவெடுத்த மாதிரி அளவெடுத்து, மூலைக்கு மூலை ஓவர்லாக் அடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்திருந்தார். வயர்கள் வெளியே வர, சட்டைக் கைக்கு வைப்பது போல் ரிப் என்கிற இழுபடும் பட்டி வைத்த துவாரங்கள். ஆன் பண்ணும் பட்டனுக்கு நேராக ஒரு காஜா. அவ்வளவு நேர்த்தியான காஜாவை எக்ஸ்போர்ட் பீஸில்கூட நான் பார்த்ததில்லை.

"பக்கத்து யூனிட்டுப் பஞ்சு உள்ள போகக் கூடாதுன்னு தச்சனுங்க," என்றார் அக்கா. "பஞ்சுதான் இதுக்கு எமன்னு நீங்கதான் சொன்னீங்கன்னு நித்யா சொல்லுவா. அவளுக்குப் போத்துன துணிதானுங்க இது."

சட்டையின் மேல் கை வைத்தேன். இட்லிப் பானையைத் தொட்டதுபோல் சுட்டது.

வேறு வீடாக இருந்திருந்தால் நான் ஆடித் தீர்த்திருப்பேன். கம்ப்யூட்டர் காற்றை இழுத்து, சூட்டை வெளியே தள்ளிப் பிழைக்கிற ஜீவன். அதற்கு ஸ்வெட்டர் போட்டால் என்ன ஆகும்? உங்க மூக்க நான் பொத்தட்டுமா என்று கேட்டிருப்பேன். இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் கேட்டிருக்கிறேன், கஸ்டமர்கள் என் வாய்க்குப் பயந்து பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறார்கள். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சட்டையைக் கழற்றி மடித்துக் கட்டில் மேல் வைத்தேன்.

முதலில் மானிட்டரை என் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். பளிச்சென்று படம் வந்தது, ஆக மானிட்டர் நல்லது. பையில் இருந்த வேறு கேபிளை மாற்றினேன், அப்போதும் கருப்புதான், ஆக கேபிளும் குற்றவாளி இல்லை. பீரோ மேலிருந்த கீபோர்டை எடுத்துச் செருகினேன். நித்யாவின் குட்டி ஸ்பீக்கரில் டிங்-டொங் என்று மணி அடித்தது. அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க்கா. கீபோர்டு வந்துருச்சுன்னு சொல்லுது. உள்ள உசிரோடதான் இருக்குது." உசிர் என்ற சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம்.

கேப்ஸ் லாக் பட்டனை அழுத்தினால் லைட் எரிந்தது, அழுத்தினால் அணைந்தது. அப்படியென்றால் கம்ப்யூட்டர் நினைவோடு இருக்கிறது, சொன்னதைக் கேட்கிறது. பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தேன். வெந்த பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. கிராஃபிக்ஸ் கார்டின் மேலிருந்த சின்ன ஃபேன் சுற்றவில்லை. அதைச் சுற்றிக் கம்பளி மாதிரி பஞ்சு அப்பியிருந்தது. பக்கத்து யூனிட்டுப் பஞ்சு வெள்ளை. இது ரோஸ். அவர் போட்ட சட்டையின் உள்பக்கத்திலிருந்து இழை இழையாக உறிஞ்சி, ஃபேன் தன் கழுத்தைத் தானே இறுக்கிக்கொண்டிருக்கிறது.

நான் அவர்கள் பார்க்காதபடி தோளால் மறைத்துக்கொண்டேன்.

"என்னங்க ஆச்சு?" என்றார் அண்ணன்.

"படம் காட்டற கார்டு போயிருச்சுங்ணா. பழைய கார்டு, வயசாயிருச்சு. அதுவா நின்னுருச்சு." வாய்கூசாமல் சொன்னேன். தொழிலில் கஸ்டமரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

"உள்ள பஞ்சு போயிருச்சுங்களா?" என்று கேட்டார் அக்கா.

"கொஞ்சமுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். யானை இன்னும் உள்ளேதான் இருக்கிறது, காட்டத்தான் ஆள் இல்லை. கார்டைக் கழற்ற வேண்டுமென்றால் ஆஃப் செய்தே ஆக வேண்டும். சேவ் செய்யாமல் ஆஃப் செய்தால் யானை போய்விடும். அதனால் திரையைப் பார்க்காமலே, கண்ணைக் கட்டிக்கொண்டு சேவ் செய்ய வேண்டும்.

"முடியுமுங்களா?"

"பாப்போமுங்க," என்றேன். முடியும் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஒரு தப்பான பட்டன் போதும், யானை மொத்தமாக அழிந்துவிடும், அழிந்தது எங்களுக்குத் தெரியக்கூடச் செய்யாது.

என் லேப்டாப்பிலும் அதே டிசைன் சாஃப்ட்வேர் உண்டு. அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இங்கே ஒரு பட்டனை அழுத்தி என்ன வருகிறது என்று பார்ப்பது, அங்கே குருட்டுத் திரையின் முன்னால் அதே பட்டனை அழுத்துவது. சேவ் செய்யும் பட்டன்களை அழுத்தினேன். லேப்டாப்பில் பெயர் கேட்டது. அங்கேயும் கேட்டிருக்கும் என்று நம்பி, யானை என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். என்டர்.

டப்பாவின் முன்பக்கத்தில் ஹார்டு டிஸ்க் லைட் சிவப்பாகத் துடித்தது. கொஞ்ச நேரம் துடித்து நின்றது.

"ஆயிருச்சுங்களா?"

"எதையோ எழுதியிருக்குது. யானையத்தானான்னு பாக்கோணும்."

அதைச் சோதிக்க ஒரே வழி இருந்தது. மறுபடியும் புதிதாகச் சேவ் செய்வது போல் ஆரம்பித்து அதே பெயரைக் கொடுக்க வேண்டும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் கம்ப்யூட்டர் டங் என்று ஒரு சத்தம் போட்டு, இது இருக்கிறதே, இதன் மேலேயே எழுதட்டுமா என்று கேட்கும். எல்லாரும் எரிச்சல்படும் சத்தம் அது. நானே எத்தனையோ ஆபீஸில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்று ஸ்பீக்கரின் திருகை முழுச் சத்தத்துக்குத் திருகிவிட்டு, பெயரைத் தட்டி, என்டரை அழுத்தினேன்.

டங்.

"என்னங்க, தப்பாயிருச்சுங்களா?" என்று அக்கா பதறினார்.

"இல்லீங்க்கா. திட்டுது. திட்டுனாத்தான் நல்லது. யானை உள்ள இருக்குது, எதுக்கு மறுக்கா எழுதறேன்னு திட்டுது."

அண்ணன் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். துளசி மேலிருந்த பஞ்சை எடுப்பதுபோல் குனிந்துகொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

இனி ஆஃப் செய்ய வேண்டும். செய்யலாமா என்று கேட்டேன். அக்கா வந்து டப்பாவின் முன்னால் மண்டி போட்டார். படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"சேவ் பண்ணியாச்சு கண்ணு. அம்மா ஆஃப் பண்ணட்டுமா?"

கொஞ்ச நேரம் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். பிறகு விரலால் பட்டனை அழுத்தினார். ஃபேன் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கத்து நிட்டிங் மெஷின் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

"படுத்தா இந்த டப்பா ஓடற சத்தம் கேட்டுட்டே இருக்குமுங்க," என்றார். "அவ இன்னும் தூங்காம உக்காந்து வரையற மாதிரியே இருக்கும்."

நான் திரும்பிக்கொண்டு கார்டைக் கழற்றினேன். அதை ஒரு துணியில் சுற்றி என் பையின் அடியில் தள்ளினேன். கம்ப்யூட்டரின் மெயின் போர்டிலேயே சுமாராகப் படம் காட்டும் வசதி உண்டு, கார்டு செருகியிருக்கும்வரை அது சும்மா இருக்கும். மானிட்டர் வயரை அதில் மாட்டினேன். மவுசையும் செருகினேன். ஆன் செய்தேன். திரையில் வெளிச்சம் வந்தது. ஃபைலைத் தேடித் திறந்தேன்.

நீல யானை. குண்டு யானை. துதிக்கையைத் தூக்கிக்கொண்டு, காதில் ஒரு செம்பருத்தி வைத்துக்கொண்டு, யாரையோ கூப்பிடுவது போல் நின்றது. பின்பக்கம் மொழுக்கென்று இருந்தது. வால் இல்லை. வால் வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சின்னக் கோடு, தொடங்கி அப்படியே நின்றிருந்தது.

அக்கா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். அழுதார். நானும் அழுதேன், ஆனால் அது நிம்மதி கலந்த அழுகை. அண்ணன் உள்ளே வந்து பின்னால் நின்று, "கலரு சித்த மங்கலா இருக்குதுங்களா?" என்றார். கார்டு இல்லாததால் அப்படித்தான் தெரியும் என்றேன். யானையை இரண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றை அவர்களிடம் கொடுத்தேன், ஒன்றை என் பையில் போட்டுக்கொண்டேன். இனிமேல் எது வெந்தாலும் யானைக்கு ஒன்றும் ஆகாது. அத்தோடு நான் கிளம்பியிருந்தால் நல்ல பேரோடு போயிருப்பேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு துணிக்கட்டைக் கொண்டுவந்தார். பிரித்தால், வெட்டி வைத்த ஃபிலீஸ் துண்டுகள். அதே ரோஸ். இந்த முறை ஒவ்வொன்றும் இரட்டையாக.

"படம் நின்ன அன்னைக்கே வெட்டி வெச்சுட்டனுங்க. பழைய சட்டைல ரிப்பு லூசு, அந்தச் சந்துலதான் பஞ்சு பூந்திருக்கும். இதுல ரெண்டு மடிப்பு. ரிப்பும் இறுக்கமா வெச்சர்றேன். இனி ஒரு இழை உள்ள போகாது."

"அக்கா, இனி சட்டை வேண்டாமுங்க. வேலையில்லாதப்ப ஆஃப் பண்ணி வெச்சுக்கலாம், யானைதான் சேவ் ஆயிருச்சே."

"இல்லீங்க அம்மிணி. இது ஓடட்டும். அந்தச் சத்தம் இல்லாம என்னால ஊட்டுல இருக்க முடியாது."

"அப்ப மாசம் ஒருக்கா நான் வந்து பஞ்ச ஊதி உட்டுட்டுப் போறனுங்க்கா."

"உங்களுக்கு எதுக்கு அலைச்சலு? நாளைக்கே தச்சுப் போட்டர்றேன்."

மேஜைக்குப் பக்கத்தில் சுவரோரமாகப் பாய் சுருட்டி வைத்திருந்தது. இருவரும் இங்கேதான் படுக்கிறார்கள், கம்ப்யூட்டருக்குக் கையெட்டும் தூரத்தில். ஓடிக்கொண்டே இருக்கும் டப்பா, அதன் மேல் இரட்டைப் பஞ்சுத் துணி, மூச்சுவிட ஒரு சந்துகூட இல்லாமல். போன முறை கார்டு வெந்தது. இந்த முறை துணியே பற்றிக்கொண்டால்? என் பொய் எவ்வளவு மெத்தென்று இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அதைப் போர்த்தி, இவர்களை உள்ளே வைத்துவிட்டு, நான் ஸ்கூட்டர் ஏறிப் போகப் பார்க்கிறேன்.

பையின் அடியிலிருந்து கார்டை எடுத்து, துணியைப் பிரித்து, அக்காவின் கையில் வைத்தேன்.

நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாள் முழுவதும் துணியிலேயே கை வைத்துப் பிழைப்பவர். ஃபேனில் அப்பியிருந்த பஞ்சை நகத்தால் கிள்ளியெடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பக்கத்து யூனிட்டுப் பஞ்சு இல்லீங்களே."

"இல்லீங்க்கா."

"இது என்ற துணிங்க."

"சூடு வெளிய போகோணுமுங்க்கா," என்றேன். "மூடுனா உள்ளயே நின்னுக்கும். யாருக்கும் தெரியாதுங்க. என்ற கஸ்டமர்ல பாதிப் பேருக்குத் தெரியாது."

அவர் கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவளுக்கும் நாந்தானுங்க போத்துனேன். வேண்டாமுன்னு தள்ளுனா."

"அது வேறங்க்கா! அது கொசுக்கடிக் காச்சலு. போத்துனதால ஒண்ணும் ஆகாதுங்க. இதுக்கும் அதுக்கும்..." நான் சொன்னேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். சொன்னது அத்தனையும் உண்மைதான். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

"டாக்டரு அன்னைக்கே சொன்னாருல்ல முத்தா," என்றார் அண்ணன். பலமுறை சொல்லித் தேய்ந்துபோன குரல். "போத்துனதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொன்னாருல்ல."

"சொன்னாருங்க," என்றார் அக்கா.

பிறகு எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போனார். யானையை ஒரு நிமிஷம் பார்த்தார். குனிந்து பட்டனை அழுத்தினார். திரை கருத்தது, ஃபேன் நின்றது. இந்தத் தடவை நான் ஆஃப் பண்ணுங்கள் என்று சொல்லவில்லை, இருந்தும் அவரே செய்தார். வெட்டி வைத்த துண்டுகளை வாரிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். திரும்பி வந்து, டப்பாவின் பக்கவாட்டுத் தகட்டில் புறங்கையை வைத்தார். காய்ச்சல் பார்க்கிறவர்கள் நெற்றியில் வைப்பார்களே, அப்படி. எடுக்கவே இல்லை. தகடு ஆறும்வரை வைத்துக்கொண்டே நின்றார்.

"இப்பச் சுடலீங்க அம்மிணி," என்றார்.

அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.